கைத்தறி அச்சு உருமால்: தேர்ந்தெடுக்கும் முறையும் பாதுகாக்கும் முறையும்

(ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்)

பாடத்தின் நோக்கம்

அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி ஆகிய ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து இக்காலத்தில் தொழிற்சாலை வேலைக்குச் செல்வோர் பலர். வெயிலையும் தூசியையும் தடுப்பதற்குத் தலையிலோ கழுத்திலோ ஒரு துணியைக் கட்டிக்கொள்வது அவர்களுக்கு வழக்கமாயிருக்கிறது. அத்துணியைச் சிலர் உருமால் என்பர். சிலர் லேஞ்சி என்பர். வேறு சிலர் துண்டு என்பதோடு நிறுத்திக்கொள்வர். ஸ்திரீகள் கழுத்தைச் சுற்றி அணியும் நீண்ட துணிக்கு ஸ்கார்ப் என்னும் பெயரும் வழங்குகிறது. பெயர் எதுவாயினும், கைத்தறியில் நெய்து, மரத்தில் செதுக்கிய அச்சுக்கட்டையால் கையினாலேயே சித்திரம் பதித்த உருமாலுக்கு மற்றவற்றைவிட விலை அதிகம். விலை அதிகமான சரக்கில் போலியும் அதிகம்.

போலியை அசலென்று நம்பி வாங்கினால், நெசவாளரும் அச்சுக்காரரும் பெற வேண்டிய கூலி வேறொருவர் பைக்குப் போய்ச் சேர்கிறது. அசலையே வாங்கினாலும், பக்குவமறியாமல் துவைத்துச் சாயத்தைப் போக்கிவிட்டால், “கைத்தறிச் சாமான் நிற்காது” என்ற அபவாதம் ஊர் முழுவதும் பரவுகிறது. இவ்விரண்டினாலும் வரும் நஷ்டம் தறியில் உட்கார்ந்திருப்பவனையே சேருகிறது. ஆகையால், இவ்வுருமாலை எவ்வாறு சோதித்து வாங்குவது, வாங்கியதை எவ்வாறு நெடுநாள் வைத்துக்கொள்வது என்னும் இரண்டு விஷயங்களையும் இப்பாடம் விளக்குகிறது.

பழவேற்காட்டு உருமாலின் சரித்திரம்

அத்திப்பட்டுக்கு வடக்கே, பொன்னேரிக்கு அப்பால், கடற்கரையில் உள்ள பழவேற்காடு ஒரு காலத்தில் துணி வியாபாரத்தினால் உலகப் பிரசித்தி பெற்றிருந்தது. டச்சுக்காரர் 1610-ம் வருஷத்தில் அங்கே பண்டகசாலை வைத்தனர். 1613-ம் வருஷத்தில் கெல்ட்ரியா என்னும் கோட்டையையும் கட்டி முடித்தனர். சோழமண்டலக் கரையில் நெய்த கட்டம் போட்ட துணிகளையும், கலத்தால் எழுதியும் அச்சால் பதித்தும் சித்திரித்த துணிகளையும் அவர்கள் கப்பலில் ஏற்றி மலாய்த் தீவுகளுக்கு அனுப்பி, அவற்றுக்கு மாற்றாக மிளகு, ஜாதிக்காய், கிராம்பு முதலியவற்றை வாங்கினர். அத்தீவுகளில் ரொக்கத்தைவிடத் துணிக்கே மதிப்பு அதிகமாயிருந்தது.

பழவேற்காட்டின் பெயர் ஆங்கில பாஷையிலே வர்ண உருமாலுக்கு உரிய பெயராகவே ஆகிவிட்டது. 18-ம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரத்தைச் சுற்றியுள்ள நெசவாளர்கள் அதேமாதிரி உருமால்களை நெய்து, அவற்றையும் பழவேற்காட்டின் பெயராலேயே விற்றனர். சென்னைக் கரையின் கட்ட உருமால் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் சென்றது. நைஜீரியாவில் நைஜர் நதியின் கழிமுகத்தில் வாழும் கலாபாரி ஜனங்கள் அதை ‘இஞ்ஜிரி’ என்று அழைத்து, தங்கள் முக்கியமான சடங்குகளில் உடுத்துகின்றனர்.

இத்துணிகளை உலகத்தார் விரும்பியதற்குக் காரணம் சித்திரத்தின் அழகு மாத்திரமன்று. துவைத்தாலும் சாயம் போகாத குணமே முக்கியமான காரணமாகும். அக்காலத்தில் ஐரோப்பியருக்குப் பருத்தித் துணியில் நிலையான சாயமேற்றும் வித்தை நன்கு தெரியாது. இந்தியத் துணிகள் அங்கே குவிந்தபோது அத்தேசத்து நெசவாளர் பிழைப்புக் கெட்டுப்போகுமென்று அஞ்சிய சர்க்கார்கள் சட்டம் இயற்றினர். பிரான்ஸ் தேசம் 1686-ம் வருஷத்தில் இத்துணிகளைத் தடைசெய்து, 1759-ம் வருஷத்தில்தான் தடையை நீக்கியது. இங்கிலாந்து 1700-லும் 1721-லும் தடைச் சட்டங்களை இயற்றிற்று.

தடை இருந்த காலத்திலேயே வித்தை கரை தாண்டிச் சென்றது. புதுச்சேரியில் இருந்த கேர்து என்னும் ஜெசுவிட் பாதிரியார், இக்கரையில் துணிக்குச் சாயமேற்றும் முறையைச் சாயக்காரர்களிடம் விசாரித்தறிந்து, 1742-ம் வருஷத்தில் ஒரு கடிதத்தில் படிப்படியாக எழுதி அனுப்பினார். பிரான்ஸில் தடை நீங்கிய மறுவருஷமான 1760-ல் ஓபர்காம்ப் என்பவர் ழூயி என்னும் ஊரில் அச்சுத் துணித் தொழிற்சாலையை ஆரம்பித்தார். 1783-ம் வருஷத்தில் தாமஸ் பெல் என்பவர் செப்பு உருளையால் துணியில் அச்சிடும் யந்திரத்துக்கு இங்கிலாந்தில் உரிமை பெற்றார். கையால் ஒரு நாள் முழுவதும் பதிக்கும் துணியை யந்திரம் சொற்ப நேரத்தில் பதித்துவிட்டது. இதன் பின்னர் இக்கரையின் ஏற்றுமதி படிப்படியாக நசித்தது.

இச்சரித்திரத்தினின்று அறிய வேண்டியது யாதெனில், உருமாலின் கீர்த்தி சலவைத் துறையிலே பிறந்தது என்பதே. சலவைக்கு நில்லாத உருமால், எவ்வளவு அழகாயிருப்பினும், அக்கீர்த்திக்கு உரியதன்று.

உருமால் அச்சாகும் விதம்

செய்யும் முறையை அறிந்தவனே செய்த பொருளைச் சோதிக்க முடியும். சோழமண்டலக் கரையின் பழைய முறை, மசூலிப்பட்டணத்தை அடுத்த பெடனா முதலிய இடங்களில் இன்றும் கையாளப்பட்டு வருகிறது. அதன் சுருக்கம் பின்வருமாறு:

1. தறியிலிருந்து வந்த துணியை நன்றாகத் துவைத்து, கஞ்சியையும் எண்ணெய்ப் பசையையும் நீக்கி, வெயிலில் வெளுக்கச் செய்கிறார்கள்.

2. கடுக்காய்ப் பொடியும் எருமைப் பாலும் கலந்த நீரில் துணியை நனைத்து உலர்த்துகிறார்கள். கடுக்காயின் துவர்ப்பு, பின்னால் வரும் காரத்தைப் பற்றிக்கொள்ளும். பாலின் கொழுப்பு, பதிக்கும் கரைசல் துணியில் கசிந்து பரவாமல் தடுக்கும்.

3. இரும்புத் துண்டுகளை வெல்லம் கலந்த நீரில் பல நாட்கள் ஊறவைத்து எடுத்த இரும்பூறல் நீரை அச்சுக்கட்டையில் தொட்டுப் பதிக்கிறார்கள். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தவுடன் அந்த இடம் கறுப்பாகிறது.

4. சிவப்பு வேண்டிய இடத்தில் பிசின் சேர்த்த படிக்காரக் கரைசலைப் பதிக்கிறார்கள். அப்போது சிவப்பு தோன்றாது. துணியைச் சில நாட்கள் வைத்திருந்து, ஓடும் நீரில் அலசி, ஒட்டாத படிக்காரத்தைப் போக்கிய பிறகு, சாயவேர் போன்ற சிவப்புச் சாயம் உள்ள நீரில் கொதிக்க வைத்தால், படிக்காரம் பட்ட இடம் மாத்திரம் சிவந்து நிற்கும்.

5. நீலம் வேண்டுமாயின் அவுரித் தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். நீலம் படக்கூடாத இடங்களை முன்னதாக மெழுகினால் மூடிவிடுகிறார்கள்.

சாயவேர் என்பது இம்பூறல் என்னும் சிறு செடியின் வேர். அது கடற்கரை மணற்பாங்கில் விளையும். அதில் அடங்கிய அலிஸரின் என்னும் பொருளே சிவப்பைத் தருவது. 1868-ம் வருஷத்தில் ஜெர்மானியரான கிரேபும் லீபர்மானும் அலிஸரினை ரசாயன முறையில் செய்தனர். 1897-ம் வருஷத்தில் செயற்கை நீலமும் ஜெர்மனியிலிருந்து வியாபாரத்துக்கு வந்தது. சாயவேர் பறிப்போரும் அவுரி விளைவிப்போரும் பிழைப்பை இழந்ததற்கு இவ்விரண்டு கண்டுபிடிப்புகளும் காரணமாயின.

இம்முறையில் கவனிக்க வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. ஒவ்வொரு படிக்கும் நடுவில் உலர்த்தலும் அலசலும் உண்டு. அவற்றுக்கு நாளும் வெயிலும் வேண்டும். அவசரப்படுத்தினால் முதலில் சுருங்குவது அலசும் வேலையே. அலசாத துணியில் ஒட்டாத சாயம் தங்கி, வாங்கியவர் வீட்டுத் தொட்டியில் வெளியேறும். பண்டிகைக்குச் சில தினங்களுக்கு முன் “உடனே வேண்டும்” என்று கேட்டு வாங்கும் சரக்கு சாயம் விடுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

தேர்ந்தெடுத்தல்: நூலும் நெசவும்

முதலாவது, துணி பருத்திதானா என்று அறிய வேண்டும். ஓரத்திலிருந்து ஓர் இழையை எடுத்து எரித்தால், பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கடினமான மணியாக உறையும். பட்டு எரியும்போது தலைமயிர் தீய்ந்த நாற்றம் வீசும். ரேயான் மாத்திரம் பருத்தியைப் போலவே எரிந்து ஏமாற்றும். அதைக் கண்டுபிடிக்க இழையை நனைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். நனைந்தால் ரேயான் பலம் குன்றி எளிதில் அறும். பருத்தியோ நனைந்தபின் அதிகப் பலம் பெறும்.

இரண்டாவது, கைத்தறி நெசவா என்று அறிய வேண்டும். நெய்யும்போது துணி சுருங்காதபடி அகலத்தில் விரித்துப் பிடிக்கும் கோலின் ஊசிகள் குத்திய சிறு துவாரங்கள், கைத்தறித் துணியின் இரு ஓரங்களிலும் காணப்படுவதுண்டு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஊடை இழைகள் சில இடங்களில் சற்று நெருங்கியும் சில இடங்களில் சற்று விலகியும் தெரியும். மில் துணியிலும் விசைத்தறித் துணியிலும் அடி முதல் முடி வரை ஒரே அளவாயிருக்கும். ஆயினும் ஓர் அடையாளத்தை மாத்திரம் நம்பித் தீர்ப்புச் செய்தல் கூடாது. இரண்டு மூன்றும் ஒத்துவர வேண்டும். மத்திய சர்க்கார் 2006-ம் வருஷத்தில் ஏற்படுத்திய கைத்தறி முத்திரை துணியில் தைக்கப்பட்டிருந்தால் அது ஒரு சாட்சியாகும்.

மூன்றாவது, நூலின் நம்பரையும் எடையையும் பார்க்க வேண்டும். 840 கஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டங்கள் அடங்குமோ, அதுவே நூலின் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெல்லியதாகும். இக்கணக்கைக் கொண்டு, கஞ்சியால் கனம் ஏற்றப்பட்டிருக்கிறதா என்பதைச் சங்கத்திலேயே கண்டுபிடிக்கலாம்.

உதாரணமாக, 36 அங்குலச் சதுர உருமால் ஒன்று 40-ம் நம்பர் நூலில், அங்குலத்துக்குப் பாவு 60 இழை, ஊடை 60 இழையாக நெய்யப்பட்டதென்று கொள்வோம். பாவில் 36 x 60 = 2,160 இழைகள்; ஒவ்வொன்றும் 1 கஜம். ஊடையிலும் அவ்வாறே 2,160 கஜம். ஆக மொத்தம் 4,320 கஜம். 40-ம் நம்பர் நூலில் ஒரு பவுண்டுக்கு 40 x 840 = 33,600 கஜம் உண்டு. எனவே உருமாலில் உள்ள நூலின் எடை ஏறக்குறைய 58 கிராம். இழைகள் ஒன்றின்மேல் ஒன்று வளைந்து செல்வதற்காகச் சற்றுக் கூட்டினால் 60 முதல் 65 கிராம் வரை இருக்கலாம். அந்த உருமால் வாங்கும்போது 75 கிராம் நின்று, துவைத்து உலர்த்தியபின் 60 கிராமாகக் குறைந்தால், 15 கிராம் கஞ்சி துணியின் விலைக்கு விற்கப்பட்டது என்று பொருள். 100 உருமால் வாங்கிய சங்கம் ஒன்றரைக் கிலோ கஞ்சியை வாங்கியதாகும்.

தேர்ந்தெடுத்தல்: அச்சும் சாயமும்

கையால் பதித்த அச்சில் கை தெரியும். கட்டையின் அகலம் முடிந்து அடுத்த பதிப்பு ஆரம்பிக்கும் இடத்தில் கோடு ஒரு மயிரிழை விலகியிருக்கலாம்; இரண்டாவது வர்ணம் எல்லைக் கோட்டைச் சற்றுத் தாண்டியிருக்கலாம்; ஒரு பூ அழுத்தமாகவும் அடுத்த பூ சற்று வெளிறியும் இருக்கலாம். அடுத்த கட்டையை வைக்குமிடம் தெரிவதற்காக இட்ட சிறு புள்ளிகள் மூலைகளில் காணப்படுவதும் உண்டு. இவை குற்றங்களல்ல. இரண்டு பூக்களை எங்கே வைத்துப் பார்த்தாலும் எள்ளளவும் பேதமின்றி இருந்தால், அது திரையச்சாகவோ யந்திர அச்சாகவோ இருக்கும். ஆனால் எல்லைக் கோடு விரற்கடை அளவு விலகியிருந்தாலும், சாயம் கசிந்து பூவின் உருவம் கெட்டிருந்தாலும் அது வேலையின் குறைவே. கைவேலை என்னும் பெயரால் அதை மன்னிக்க வேண்டுவதில்லை.

துணியின் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். கொதிக்க வைத்துச் சாயமேற்றிய துணியில் வர்ணம் பின்புறத்திலும் நன்றாகத் தெரியும். ஆனால் பின்புறம் வெளுத்திருப்பதனாலேயே அது கையச்சு அல்லவென்று சொல்லிவிட முடியாது. பிக்மெண்ட் என்னும் மேற்பூச்சுச் சாயத்தைக் கட்டையால் பதித்தாலும் பின்புறம் வெளுத்தே இருக்கும்.

இக்காலத்து அச்சு உருமால்களில் வழங்கும் சாயங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்:

(அ) கடுக்காய், படிக்காரம், இரும்பூறல், சாயவேர் அல்லது அலிஸரின் கொண்டு செய்தவை. சிவப்பும் கறுப்பும் சலவைக்கு நன்கு நிற்கும். கடுக்காயின் இளமஞ்சள் நிறம் முதற் சில சலவைகளில் வெளிறுவது இயல்பு. புளிப்புப் பட்டால் சிவப்பும் கறுப்பும் மாறும்.

(ஆ) அவுரி நீலம். இது இழையின் மேற்புறத்திலே அதிகமாகத் தங்குவதால், புதிதில் தேய்த்தால் கையில் சற்று ஒட்டும். நாளடைவில் மேலாக நின்ற நீலம் நீங்கி, மீதி நெடுநாள் நிற்கும்.

(இ) ரியாக்டிவ் என்னும் ரசாயனச் சாயம். இது பருத்தி இழையோடு ரசாயன முறையில் பிணைந்துகொள்வதால், சரியாக அலசப்பட்டிருந்தால் சலவைக்கு மிக நன்றாக நிற்கும்.

(ஈ) பிக்மெண்ட். இது பசையினால் துணியின்மேல் ஒட்டியிருப்பது. தடவினால் அச்சுள்ள இடம் சற்று விறைப்பாயிருக்கும். கடினமாகத் தேய்த்தால் உதிரும்.

சாயம் நிற்குமா என்று அறிய எளிய சோதனை ஒன்று போதும். வெள்ளைத் துணித் துண்டு இரண்டு எடுத்து, ஒன்றை உலர்ந்தபடியும் மற்றொன்றை நனைத்தும், உருமாலின் மிக அழுத்தமான வர்ணத்தின்மேல் பத்துத் தரம் தேய்க்க வேண்டும். லேசாக நீலம் ஒட்டினால் அது அவுரியின் இயல்பு. நனைந்த துணியில் எந்த வர்ணமும் அழுத்தமாக இறங்கினால் அச்சரக்கு சரியாக அலசப்படவில்லை.

குழந்தைகளின் கழுத்திலும் வாயருகிலும் படும் துணிக்கு மற்றொரு எச்சரிக்கை அவசியம். ஆஸோ சாயங்களில் சில, உடலில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள்களாகச் சிதைவன. ஜெர்மனி 1994-ம் வருஷத்தில் அவற்றைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. இந்திய சர்க்கார் 1997-ம் வருஷத்தில் தடை உத்தரவு பிறப்பித்தனர். என்ன சாயம் என்று சொல்ல மறுக்கும் வியாபாரியிடம் குழந்தைத் துணி வாங்காதிருத்தல் நலம்.

சங்கம் மொத்தமாக வாங்கும்போது

இந்த ஜில்லாவுக்குக் கூட்டுறவு புதிதன்று. ஐக்கிய நாணய சங்கச் சட்டம் இயற்றப்பட்ட 1904-ம் வருஷத்திலேயே, திருவள்ளூரை அடுத்த திரூரில் விவசாயக் கடன் சங்கம் தோன்றிற்று. நெசவாளருக்காகச் சென்னை மாகாணச் சங்கம் 1935-ம் வருஷத்தில் ஏற்பட்டது. அதுவே இன்று கோ-ஆப்டெக்ஸ் என்னும் பெயரால் வழங்குகிறது. ஒருவர் தனியாகக் கேட்டால் கிடைக்காத உறுதியை, நூறு பேர் சேர்ந்து கேட்டால் பெறலாம். அதற்குரிய முறைகளாவன:

1. முதலில் மாதிரிக்கு ஒவ்வொரு வர்ணத்திலும் ஓர் உருமால் மாத்திரம் வாங்க வேண்டும். அதை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை ஐந்து தரம் துவைத்து, மற்றப் பாதியோடு சேர்த்து அட்டையில் தைத்து வைக்க வேண்டும். அட்டை சங்கத்தின் சொத்து. பின்னால் வரும் சரக்கை அதோடு ஒப்பிட வேண்டும்.

2. நீளம், அகலம், எடை மூன்றையும் துவைப்பதற்கு முன்னும் பின்னும் குறிக்க வேண்டும். பருத்தித் துணி முதற் சலவையில் 100-க்கு 3 முதல் 5 வரை சுருங்குவது சாதாரணம். அதற்குத் தக்கபடி அளவை முன்கூட்டியே கூட்டிக் கேட்கலாம்.

3. சாயம் தொட்டிக்குத் தொட்டி வேறுபடும். ஆகையால் வரும் சரக்கில் ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒன்றை எடுத்து, நனைந்த வெள்ளைத் துணியால் சோதிக்க வேண்டும்.

4. அச்சுக்காரருக்குப் போதிய நாள் கொடுக்க வேண்டும். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் இங்கு மழையும் சேர்ந்துவிடும், துணி உலராது. எனவே தீபாவளிச் சரக்கை ஆடி மாதத்திலேயே சொல்லி வைத்தல் உத்தமம்.

5. முன்பணத்தையும் மீதியையும் சொன்ன நாளில் கொடுக்க வேண்டும். பணம் தாமதித்தால் அச்சுக்காரர் மலிவான சாயத்தையும் குறைந்த அலசலையும் நாடுவார். சலவையில் சாயம் விட்டால் சரக்கைத் திருப்பலாம் என்று எழுதி வாங்கும் உரிமை, காலத்தில் பணம் கொடுக்கும் சங்கத்துக்கே உண்டு.

6. விற்கும்போது நூலின் நம்பர், சாயத்தின் வகை, துவைக்கும் முறை மூன்றையும் ஒரு சிறு சீட்டில் தமிழில் எழுதிச் சேர்க்க வேண்டும். 1960-ஐ ஒட்டிய வருஷங்களில் அமெரிக்காவில் சென்னைக் கட்டத் துணியைச் சாயம் விடும் துணி என்று சொல்லியே விளம்பரம் செய்து விற்றார்கள். துவைக்கத் துவைக்க வர்ணங்கள் கலந்து மென்மையாகும் என்று அறிந்தே ஜனங்கள் வாங்கினர். குணத்தை ஒளிக்காமல் முன்னதாகச் சொல்லி விற்ற சரக்கைப்பற்றி வாங்கியவர் குறை சொல்ல இடமில்லை.

துவைத்தல்

அத்திப்பட்டுப் பகுதிக்குச் சலவையில் இரண்டு விசேஷத் தொல்லைகள் உண்டு. ஒன்று நீர். மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடியில் கடல்நீர் புகுந்து பல கிணறுகள் உவர்ப்பேறியிருக்கின்றன. மற்றொன்று தூசி. 1990-க்குப் பிற்பட்ட வருஷங்களில் வேலை தொடங்கிய வடசென்னை அனல் மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பல் காற்றில் வந்து துணிகளில் படிகிறது.

சாம்பல் நுண்ணிய மணல் போன்றது. அது படிந்த உருமாலை நனைத்துத் தேய்த்தால், உப்புத்தாள் கொண்டு தேய்த்தது போல் இழையும் அச்சும் தேயும். ஆகையால் நனைப்பதற்கு முன் வெளியிலே நன்றாக உதற வேண்டும். பின்பு தேய்க்காமல் வெறும் நீரில் ஒரு முறை முக்கி எடுத்துவிட்டுத்தான் சோப்புப் போட வேண்டும்.

உவர்நீரிலும் கடினநீரிலும் சோப்பு நுரைக்காமல் வெண்மையான கசடாகத் திரிந்து இழைகளில் படியும். வர்ணம் போய்விட்டதென்று பலர் எண்ணும் உருமால்களில், வர்ணம் போகாமல் இக்கசடு படிந்து மங்கியவையும் உண்டு. பூந்திக்கொட்டை நீர் இவ்வாறு கசடாவதில்லை. கொட்டையின் தோலை இரவு ஊறவைத்து, காலையில் பிசைந்து வடிகட்டி உபயோகிக்கலாம். எந்த நீரில் துவைத்தாலும், கடைசி அலசலுக்கு மாத்திரமேனும் மழைநீரோ நல்ல குழாய் நீரோ வேண்டும்.

முதல் மூன்று சலவைகளில் உருமாலைத் தனியே துவைக்க வேண்டும். குளிர்ந்த நீரே போதும். நெடுநேரம் ஊறவைத்தல் கூடாது. ஊறும் நீரில் இறங்கிய சாயம் அதே துணியின் வெள்ளை இடத்தில் ஏறும். கல்லில் அடித்தலும் முறுக்கிப் பிழிதலும் கூடா. இரு கைகளுக்கு நடுவே அழுத்தி நீரை வெளியேற்ற வேண்டும்.

உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் கட்டிக்கொள்ளும் என்பது ஊரில் வழங்கும் நம்பிக்கை. உப்பு சில சாயங்கள் அந்தச் சலவையில் இறங்குவதைச் சற்றுக் குறைக்குமேயன்றி, ஒட்டாத சாயத்தை நிரந்தரமாக ஒட்ட வைக்காது. புளிப்புக் காடி சேர்ப்பதும் பருத்திச் சாயத்துக்குப் பயனில்லை. கடுக்காயும் படிக்காரமும் கொண்ட அச்சுக்கு அது தீங்கே செய்யும். எலுமிச்சஞ்சாறு, புளி, சலவைச் சோடா, பிளீச்சிங் பவுடர் ஆகிய நான்கையும் இவ்வுருமாலின் அருகிலும் கொண்டுவரலாகாது. குழம்போ ஊறுகாயோ பட்டால் உடனே வெறும் நீரால் அலசிவிட வேண்டும்.

உலர்த்துவது நிழலில், உட்புறம் வெளியே தெரியும்படி இருக்க வேண்டும். இயற்கைச் சாயங்களுக்குச் சலவையைவிட வெயிலே பெரிய சத்துரு. பிக்மெண்ட் அச்சுக்கு இஸ்திரி போடும்போது பின்புறத்திலேயே போட வேண்டும். மற்ற அச்சுகளுக்கும் அதுவே நல்லது.

பத்திரப்படுத்துதல்

கடற்காற்றில் ஈரமும் உப்பும் உண்டு. சற்று ஈரமுள்ள துணியை மடித்து வைத்தால் பூஞ்சை பூத்துக் கறுப்புப் புள்ளிகள் விழும். அப்புள்ளிகளை அகற்றுவது மிகக் கடினம். எனவே, உலர்ந்ததாகத் தோன்றிய பிறகும் ஒரு மணி நேரம் காற்றில் விட்டே பெட்டியில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் அடைப்பதைவிடப் பழைய வெள்ளை வேஷ்டித் துணியில் சுற்றி வைத்தல் நலம்.

கஞ்சி போட்டபடி நெடுநாள் வைத்தல் கூடாது. வெள்ளிப்பூச்சி தேடி வருவது கஞ்சியையே. கஞ்சியைத் தின்னும்போது இழையும் சேர்ந்து போகிறது. வசம்பையோ உலர்ந்த வேப்பிலையையோ சிறு முடிப்பாகக் கட்டி, உருமாலில் நேரே படாதபடி பெட்டி மூலையில் வைக்கலாம். ஒரே மடிப்பில் பல மாதம் கிடந்தால் மடிப்புக் கோட்டில் வர்ணமும் இழையும் நைந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுத்து உதறி, வேறு விதமாக மடித்து வைக்க வேண்டும்.

முடிவுரை

உருமால் சிறு துணிதான். ஆயினும், பருத்தி விளைத்தவர், நூல் நூற்றவர், பாவு ஓட்டியவர், நெய்தவர், கட்டை செதுக்கியவர், அச்சுப் பதித்தவர், அலசியவர் ஆகிய அத்தனை பேருடைய கையும் அதில் பட்டிருக்கிறது. வாங்குவோர் சோதித்து வாங்கினால் இவர்களுள் நேர்மையாக உழைத்தவருக்கு வேலை நிலைக்கும். சோதியாமல் மலிவை மாத்திரம் நாடினால், அலசாமல் அனுப்பியவனே சந்தையில் வெற்றி பெறுவான். பழவேற்காட்டுத் துறையிலிருந்து கப்பல் ஏறிய துணிகளை அயல்நாட்டார் சோதித்தே வாங்கினர். அதே பரீட்சையை இத்தாலூகாவின் சங்கங்கள் செய்யத் தொடங்கினால் அச்சுக்காரரும் அதற்கு ஈடுகொடுப்பர்.

சங்கக் கூட்டத்தில் கேட்டு விடை பெற வேண்டிய கேள்விகள்

1. ரேயான் இழையையும் பருத்தி இழையையும் எரிக்காமல் பிரித்தறிவது எப்படி?

2. 60-ம் நம்பர் நூல் ஒரு பவுண்டில் எத்தனை கஜம் இருக்கும்? அங்குலத்துக்கு இருபுறமும் 60 இழையாக நெய்த 36 அங்குலச் சதுர உருமாலில் அந்நூலின் எடை எவ்வளவு?

3. கையச்சில் மன்னிக்கத்தக்க பேதம் எது? மன்னிக்கத்தகாத குறை எது?

4. அவசரமாக வாங்கும் பண்டிகைச் சரக்கு சாயம் விடுவது ஏன்? இதில் சங்கத்தின் பொறுப்பு என்ன?

5. இவ்வூர்க் கிணற்று நீரில் சோப்பு ஏன் கசடாகிறது? அதற்குப் பரிகாரம் என்ன?

6. சங்கத்தில் இப்போது இருக்கும் உருமால்களில் ஒன்றை எடுத்து, மேற்கூறிய சோதனைகளை எல்லார் முன்னிலையிலும் செய்து, முடிவை நடவடிக்கைப் புஸ்தகத்தில் குறிக்க முடியுமா?